மின்தடையும் குளிர்ப்பெட்டி உணவும்

சிக்கந்தராபாத்துக்கு வடக்கே, குடியரசுத் தலைவரின் தென்னாட்டு மாளிகை அமைந்துள்ள போலாரத்தில், மே மாத வெப்பம் 40 டிகிரி சென்டிகிரேடை எட்டுவதுண்டு. அத்தகைய நாளில் மின்சாரம் நின்றுவிட்டால் குளிர்ப்பெட்டியிலுள்ள உணவின் கதி யாது? கோடையில் மட்டும் எழும் வினாவன்று இது. 2020 அக்டோபர்ப் பெருமழையின்போது ஐதராபாத்தின் பல பகுதிகள் மின்சாரமின்றித் தவித்தன. 2018 நவம்பரில் கஜா புயல் வீசியபின் தஞ்சை, நாகை மாவட்டச் சிற்றூர்கள் பலவற்றில் வாரக்கணக்கில் விளக்கெரியவில்லை.

“மறுபடியும் நன்றாகக் கொதிக்க வைத்தால் குற்றமில்லை” என்பது நம் இல்லங்களில் வேரூன்றிவிட்ட எண்ணம். களப்பணியாளரும் ஆசிரியரும் முதற்கண் களைய வேண்டுவது இதனையே என்பது என் கருத்து. ஏறத்தாழ 5 டிகிரிக்கு மேல் நுண்ணுயிர்கள் விரைந்து பெருகத் தொடங்குகின்றன. தக்க வெப்பத்தில் சில வகைகள் 20 நிமிடத்துக்கொருமுறை இரட்டிக்கும். கொதிநீர் அவற்றைக் கொல்லும், உண்மைதான். ஆனால், மனிதர் கையிலிருந்து உணவுக்குத் தாவும் ஸ்டெஃபிலோகாக்கஸும், சோற்றில் வளரும் பேசில்லஸ் சீரியஸும் உண்டாக்கும் நஞ்சுகளுள் சில கொதித்தாலும் அழிவதில்லை. முகர்ந்து பார்ப்பதும் பயன் தராது. நஞ்சேறிய உணவு நாறியே தீரவேண்டுமென்ற நியதி இல்லை.

எனவே கடிகாரத்தையே நம்புதல் வேண்டும். கதவைத் திறவாதிருந்தால் குளிர் 4 மணி நேரம் தங்கும். நிரம்பிய உறைபெட்டியில் 48 மணி நேரமும், பாதி நிரம்பியதில் 24 மணி நேரமும் நிற்கும் என்பது அமெரிக்க வேளாண்மைத் துறையின் கணக்கு. நம்மிடையே பரவலாக உள்ள ஒற்றைக் கதவுப் பெட்டியின் சிறிய உறையறைக்கும், தக்காணத்துக் கோடைக்கும் இக்கணக்கை அப்படியே பொருத்துதல் தகாது; குறைத்தே கொள்ளுதல் நன்று. காய்ச்சிய பால், சோறு, குழம்பு, மீன், இறைச்சி ஆகியவற்றை அக்கெடு முடியுமுன் உண்டுவிட வேண்டும். கடந்தபின் கொட்டிவிட வேண்டும். ஊறுகாய், வெண்ணெய், அறுக்காத பழங்கள் பற்றிக் கவலையில்லை.

கொட்டுவதென்பது சிக்கனமான குடும்பத்துக்கு எளிதன்று. அதனை அறியாமல் அறிவுரை கூறுபவரின் சொல் வாயிற்படி தாண்டாது. மின்சாரம் அடிக்கடி தடைப்படும் மாதங்களில் ஒரு நாளைக்கு வேண்டியதை மட்டும் சமைக்குமாறு சொல்லுவதே நடைமுறைக்கு உகந்தது.

வீட்டில் எவரும் இல்லாதபோது மின்சாரம் நின்று திரும்பினால் அதனை அறிவதெப்படி? உறையறையில் ஒரு கிண்ணம் நீரை உறைய வைத்து, பனிக்கட்டியின்மேல் ஒரு நாணயத்தை வைத்துச் செல்லலாம். திரும்பி வருகையில் நாணயம் கிண்ணத்தின் அடியில் கிடந்தால், பனிக்கட்டி உருகிப் பின் மீண்டும் உறைந்திருக்கிறது. அவ்வறையிலிருந்த இறைச்சியையும் மீனையும் உண்ணலாகாது. வகுப்பறையிலும் இதனை மாணவர்க்கு எளிதில் செய்து காட்டலாம்.