ஆகாயத்திற்கு வேலி

சென்ற மாதம் ஒரு கிராமத்துக் கூட்டத்தில் பேசிவிட்டு மேடையை விட்டு இறங்கும்போது ஒரு தோழர் என்னை மறித்து ஒரு கேள்வி கேட்டார். தம்மூரில் ஒருவர் மச்சின்மேல் பெரிய டிஷ் ஒன்றை வைத்துக்கொண்டு, மாதச் சந்தா ஒரு காசும் கொடுக்காமல், பக்கத்து நாட்டு டெலிவிஷன்களை எல்லாம் பார்க்கிறாராம். அதற்காக ஊரிலுள்ள சில தேசபக்தர்கள் அவரைத் துரோகி என்கிறார்களாம். வேறு சிலரோ, உலக நடப்பின் உண்மை அவர் ஒருவருக்குத்தான் தெரியும் என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்களாம். “இந்த இரண்டு கட்சியில் நம் கட்சி எதுங்க?” என்றார். இரண்டும் அல்ல என்றேன். காரணம் சொல்ல நேரமில்லை. கடைசி பஸ் புறப்பட நின்றது. ஆதலால் இங்கே எழுதுகிறேன்.

முதலாவதாக, இது ஏதோ நேற்று வந்த சங்கதி அல்ல. 1982-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் இலங்கை சர்க்கார் ரூபவாகினி என்னும் டெலிவிஷனை ஜப்பான்காரர் உதவியுடன் ஆரம்பித்து, அந்நாட்டிலேயே உயர்ந்த மலையாகிய பிதுருதலாகலையின் உச்சியில், 2,524 மீட்டர் உயரத்தில், அலை வீசும் கோபுரத்தை நிறுத்தினார்கள். நமக்குச் சென்னையில் 1975 முதல் டெலிவிஷன் இருந்தது என்று பெயர்தானே ஒழிய, அதன் அலை எங்கள் கடற்கரைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ராமநாதபுரம், தூத்துக்குடிப் பக்கத்து ஜனங்களுக்கு முதல் முதல் பெட்டியில் படம் காட்டியது டில்லியும் அல்ல, சென்னையும் அல்ல, கடலுக்கு அப்பாலிருந்த இலங்கைதான்.

நான் சிறுவனாயிருந்தபோது எங்கள் ஊரில் ஒரே ஒரு வீட்டில் பெட்டி இருந்தது. அந்த வீட்டுப் பிள்ளை சிங்கப்பூரில் சம்பாதித்து அனுப்பியது. கூரைக்கு மேலே இரண்டு சவுக்குக் கம்பத்தைச் சேர்த்துக் கட்டி, அதன் நுனியில் ஆன்டெனாவை மாட்டி, இலங்கைப் பக்கமாகத் திருப்பி, கம்பத்தடியில் பூஸ்டர் ஒன்றும் வைத்திருந்தார்கள். காற்றடித்தால் கம்பம் திரும்பிக்கொள்ளும். ஒருவன் கூரைமேல், ஒருவன் வாசலில், ஒருவன் பெட்டிக்கு முன்னால் என்று நின்று “திருப்பு, திருப்பு, போதும், போச்சு, பழையபடி திருப்பு” என்று தெருவே அதிரக் கத்துவார்கள். சில நாள் படம் கண்ணாடிபோல் தெரியும். சில நாள் வெறும் மழைதான் பெய்யும். இதற்கு அந்த வீட்டு ஆச்சி கண்டுபிடித்த காரணம் கண்ணேறு. ஒரு எலுமிச்சம்பழத்தைக் கம்பத்தில் கட்டி, பெட்டிக்கு விபூதியும் பூசினாள். மறுநாள் படம் தெளிவாய் வந்துவிட்டது. அப்புறம் கேட்க வேண்டுமா! அந்த வருஷம் முழுவதும் எலுமிச்சம்பழத்திற்கு எங்கள் ஊரில் கிராக்கி.

உண்மை என்னவென்றால், வெயில் காலத்தில் கடலின்மேல் ஈரமான குளிர்ந்த காற்று கீழேயும், உலர்ந்த சூடான காற்று அதன் மேலேயும் போர்வைபோல் படிந்து நிற்கும்போது, நேரே ஆகாயத்திற்குப் போய்விட வேண்டிய அலை அந்தப் போர்வையில் வளைந்து திரும்பி வெகுதூரம் ஓடிவரும். காற்று கலைந்தால் அலையும் கலையும். எலுமிச்சம்பழம் கட்டாத வீட்டிலும் அன்று படம் தெளிவாய்த்தான் வந்திருக்கும்; ஆனால் எங்கள் ஊரில் வேறு வீட்டில் பெட்டி இல்லாததால் ஒத்துப் பார்க்க வழியில்லாமல் போயிற்று. இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போகிற விஷயம் முழுவதும் இந்த ஒத்துப் பார்ப்பதைப் பற்றியதுதான்.

இனி, அயல் நாட்டு அலையைப் பிடிப்பது துரோகம் என்கிறவர்களுடைய யோக்கியதையைப் பார்ப்போம். இந்த வாதத்தை மற்றெல்லோரையும்விட முழுமூச்சாய் நடத்திப் பார்த்தவர்கள் கிழக்கு ஜெர்மனி சர்க்கார். அந்த நாட்டின் நடு வயிற்றில் மேற்கு பெர்லின் இருந்தது. எல்லைக்கு அப்பால் பவேரியாவில் 1,024 மீட்டர் உயரமுள்ள ஒரு மலைமேல் மற்றொரு கோபுரம் இருந்தது. அந்த மலைக்கு அவர்கள் பாஷையில் மாட்டுத்தலை என்று பெயர். மேற்கு ஜெர்மனியார் வீட்டுக்கு வீடு மாதக் கட்டணம் கட்டி நடத்திய டெலிவிஷனைக் கிழக்கு ஜெர்மனியார் ஒரு காசும் கட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1961 ஆகஸ்டில் சர்க்கார் பெர்லின் நகரத்தின் குறுக்கே சுவர் எழுப்பினார்கள். மனிதனைத் தடுக்கச் சுவர் போதும். அலையைத் தடுக்க எந்தக் கொத்தனார் சுவர் வைப்பான்? ஆகவே அடுத்த மாதமே கட்சி வாலிபர்களைத் தெருத்தெருவாய் அனுப்பி, எந்த வீட்டு ஆன்டெனா மேற்கே பார்க்கிறது என்று கணக்கெடுத்து, திருப்பச் சொல்லி, திருப்பாதவர் வீட்டில் கூரை ஏறிப் பிடுங்கியும் பார்த்தார்கள். ஜனங்கள் என்ன செய்தார்கள்? ஆன்டெனாவைக் கூரையிலிருந்து இறக்கிப் பரணுக்குள் வைத்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் சின்னக் குழந்தைகளைப் பார்த்து, “உங்கள் வீட்டுச் செய்தியில் வரும் கடிகாரம் எப்படி இருக்கும்? வரைந்து காட்டு” என்று தந்திரமாகக் கேட்டு, எந்த நாட்டுக் கடிகாரம் என்று பார்த்துத் தகப்பனாரைக் கண்டுபிடிப்பாராம். இதை அந்த நாட்டில் வளர்ந்தவர்கள் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். குழந்தையைக் கொண்டு தகப்பனை வேவு பார்க்கிற அரசாங்கத்திற்குத் தன் சொந்தச் சரக்கின்மேலேயே நம்பிக்கை இல்லை என்றுதானே அர்த்தம்?

பிடுங்கியதோடு நிற்காமல், பதிலும் சொல்லிப் பார்த்தார்கள். 1960 முதல் 1989 வரையில் கருப்புச் சானல் என்று ஒரு நிகழ்ச்சி. மேற்கத்திய செய்திகளில் துண்டு துண்டாய் வெட்டியெடுத்துக் காட்டி, கார்ல் எடுவார்ட் ஃபொன் ஷ்னிட்ஸ்லர் என்பவர் அவற்றை மறுத்துப் பேசுவார். மறுப்பது நல்ல காரியந்தான்; அதில் நமக்கு ஆட்சேபணையில்லை. ஆனால் மறுக்கப்பட்டவன் திரும்பப் பேச அங்கே இடமில்லை. ஆகவே ஜனங்கள் அவர் பேரை முழுவதும் கேட்பதற்கு முன்பே பெட்டியை மாற்றிவிடுவார்கள் என்பது அந்த நாட்டில் பழமொழிபோல் ஆயிற்று. கடைசியில் 1973-ல் தலைவர் எரிக் ஹோனெக்கரே, மேற்கத்திய நிலையங்களை அவரவர் விருப்பம்போல் திறக்கலாம், மூடலாம் என்று சொல்லும்படி ஆகிவிட்டது. பன்னிரண்டு வருஷம் கூரை ஏறியதின் லாபம் இவ்வளவுதான். இந்தக் கதை தெரிந்திருந்தும் வடகொரியாக்காரர் 2020-ல் ஒரு சட்டம் செய்து, தென்கொரியப் படங்களைப் பரப்பினால் மரண தண்டனை வரை உண்டு என்று எழுதியிருக்கிறார்கள். ஒரு நாடகத்துக்குப் பயந்து மனிதனைக் கொல்லுகிற சர்க்கார் எவ்வளவு பலவீனமான சர்க்கார் என்பதை வாசகர்களே யோசித்துக்கொள்ளலாம்.

நிற்க. இதுவரை படித்துவிட்டு, திண்ணைக் கட்சித் தோழர்கள், “பார்த்தாயா, அயலான் சொல்லுவதுதான் உண்மை, அதனால்தான் சர்க்கார் பயந்தார்கள்” என்று துள்ளக்கூடும். அவர்களுக்கும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது.

கிழக்கு ஜெர்மனியில் டிரெஸ்டென் என்ற பட்டணம் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருந்ததால் மேற்கத்திய அலை அங்கே போகவில்லை. வடகிழக்கு மூலையிலும் அப்படியே. அந்தப் பக்கத்தை ஒன்றும் அறியாதவர்களின் பள்ளத்தாக்கு என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள். நியாயமாய்ப் பார்த்தால், மேற்கத்திய டெலிவிஷனைப் பார்த்தவர்களுக்குத் தங்கள் சர்க்கார்மேல் கோபம் அதிகமாயும், பார்க்காத டிரெஸ்டென்காரருக்குக் கோபம் குறைவாயும் இருந்திருக்க வேண்டுமல்லவா? ஹோல்கர் கெர்ன், யென்ஸ் ஹைன்முல்லர் என்ற இரண்டு ஆராய்ச்சிக்காரர்கள், 1980-களின் கடைசியில் கிழக்கு ஜெர்மனியிலேயே வாலிபர்களிடம் கேட்டு எடுத்திருந்த கணக்கையும், நாட்டை விட்டுப் போக மனுப் போட்டவர்களின் கணக்கையும் ஆராய்ந்து 2009-ல் வெளியிட்டார்கள். அது நேர் தலைகீழாய் இருந்தது. மேற்கத்திய படம் பார்த்தவர்கள் தங்கள் ஆட்சியைப்பற்றி அதிகத் திருப்தியோடு இருந்தார்கள். பார்க்க முடியாதவர்களே வெளியேற அதிகமாய் மனுப் போட்டார்கள். காரணம் என்னவென்றால், பெரும்பாலோர் அதில் தேடியது செய்தியை அல்ல, தமாஷைத்தான். பகலெல்லாம் தொழிற்சாலையில் வெந்துவிட்டு, ராத்திரி அமெரிக்க எண்ணெய் முதலாளி வீட்டுச் சண்டையாகிய டல்லஸ் கதையைப் பார்த்துவிட்டு நிம்மதியாய்த் தூங்கினார்கள். சர்க்கார் எதைப் பிடுங்கக் கூரைமேல் ஏறினார்களோ, அதுவே அவர்களுக்குச் சம்பளமில்லாத தாதியாக இருந்து பிள்ளையைத் தொட்டிலில் ஆட்டிக்கொண்டிருந்தது! 1989 அக்டோபரில், பிராகு நகரத்திலிருந்து அகதிகளை ஏற்றிவந்த ரயில்களைச் சூழ்ந்துகொண்டு போலீசாரோடு கைகலந்தவர்கள், ஒன்றும் அறியாதவர்கள் என்று பெயர் வாங்கிய அதே டிரெஸ்டென்காரர்கள்தான்.

அதற்காக அலை ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. அடுத்த மாதம் 9-ந் தேதி ராத்திரி, எல்லை திறக்கப்பட்டுவிட்டது என்று மேற்கு ஜெர்மன் டெலிவிஷன் சொல்லிற்று. அந்த நிமிஷத்தில் அது உண்மை அல்ல. கதவுகள் பூட்டித்தான் இருந்தன. அதைக் கேட்டுக் கிழக்கு பெர்லின் ஜனங்கள் ஆயிரக்கணக்கில் வாசலுக்கு ஓடி நின்றதால், 11½ மணி சுமாருக்குக் காவல்காரர்கள் வேறு வழியில்லாமல் திறந்துவிட்டார்கள். சொன்னவன் சொல்லியதால் அல்ல, கேட்டவன் எழுந்து போனதால் உண்மையாயிற்று.

கேட்டதை அப்படியே நம்பி எழுந்து போனால் என்ன ஆகும் என்பதற்கு அல்பேனியா சாட்சி. கடலின் குறுகிய இடத்தில் இத்தாலிக்கும் அதற்கும் சுமார் 70 கிலோமீட்டர்தான் தூரம். வெளியுலகமே தெரியாமல் அடைத்து வைக்கப்பட்டிருந்த அந்த ஜனங்கள் இத்தாலி டெலிவிஷனைத் திருட்டுத்தனமாய்ப் பார்த்தார்கள். அதில் வந்த விளம்பரங்களையும் பரிசுப் போட்டிகளையும் பார்த்து, அதுவே இத்தாலி என்று எண்ணினவர்கள் ஏராளம். 1991 ஆகஸ்டில் கியூபாவிலிருந்து சர்க்கரை ஏற்றிவந்த விலோரா என்னும் கப்பல் துறைமுகத்தில் நிற்க, சுமார் இருபதினாயிரம் பேர் அதன்மேல் ஈப்போல் மொய்த்து ஏறி, பாரி பட்டணத்தில் போய் இறங்கினார்கள். அங்கே அவர்களை வரவேற்றது விளம்பரத்தில் சிரித்த அம்மணி அல்ல. போலீசார் அவர்களில் பெரும்பாலோரை ஆகஸ்டு வெயிலில் ஒரு விளையாட்டு மைதானத்தில் அடைத்து வைத்து, சில நாளில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இலவசமாய் வந்த படத்திற்கு அந்த ஏழைகள் கொடுத்த விலை அது. இத்தாலிக்காரனுக்கு அந்தப் படம் இலவசமல்ல. அவன் வரி கட்டினான், விளம்பரச் சோப்பையும் வாங்கினான். அது எவ்வளவு பொய் என்றும் அவனுக்குத் தெரியும்.

ஆகையால் அந்தக் கிராமத்துத் தோழருக்கு நான் சொல்லுவது இது. டிஷ்காரரைத் துரோகி என்று சொல்ல எவனுக்கும் பாத்தியமில்லை. ஆனால், தன் நாட்டுப் பெட்டி சொல்லுவதை வேதவாக்கு என்று நம்பினவன், அதை விட்டுவிட்டு அயல் நாட்டுப் பெட்டி சொல்லுவதை வேதவாக்கு என்று நம்பினால், அவன் சாமியை மாற்றிக்கொண்டானே ஒழிய கும்பிடுவதை விடவில்லை. ஒவ்வொரு பெட்டிக்குப் பின்னாலும் ஒரு சர்க்காரோ, ஒரு சோப்பு வியாபாரியோ உட்கார்ந்திருக்கிறான். ஒரு பெட்டி மாத்திரம் உள்ள ஊரில் எலுமிச்சம்பழம் ஜெயித்துவிடும். இரண்டு பெட்டி இருந்தால், எவன் எங்கே சத்தம் போடுகிறான், எவன் எங்கே வாயை மூடிக்கொள்கிறான் என்று வைத்துப் பார்க்கலாம். பார்க்கலாம் என்றுதான் சொல்லுகிறேன். பெட்டி தானாய்ப் பார்த்துச் சொல்லாது.

அப்படிப் பார்த்த ஒருவரை நான் கண்டிருக்கிறேன். 1983 ஜூலைக் கலவரத்திற்குப் பிறகு இலங்கையிலிருந்து உயிர் தப்பி வந்தவர்கள் மண்டபம் முகாமில் இருந்தார்கள். எங்கள் ஊருக்கு வலை பின்னுகிற வேலைக்கு வந்துகொண்டிருந்த அவர்களில் ஒருவர், சாயங்காலத்தில் அந்தச் சிங்கப்பூர்க்காரர் வீட்டு வாசலில் வந்து நிற்பார். உள்ளே வரச் சொன்னாலும் வரமாட்டார். படமோ பாட்டோ அவருக்கு வேண்டியதில்லை. ரூபவாகினியில் தமிழ்ச் செய்தி வரும் வரையில் நின்று கேட்பார். ஒருநாள் செய்தி முடிந்ததும் வீட்டுக்காரர், “என்ன தம்பி, உங்கூர்ப் பக்கமெல்லாம் அமைதியாயிருச்சுன்னு சொல்றானே” என்றார். அதற்கு அவர், “அமைதியாய் இருக்கெண்டால் நான் ஏன் அண்ணை இஞ்ச வந்தனான்?” என்றார். “அப்போ நம்ம ரேடியோ சொல்றதுதான் சரி” என்று வீட்டுக்காரர் சந்தோஷப்பட்டார். “அதுவும் பாதிதான் அண்ணை” என்று சொல்லிவிட்டு, அன்று கடலுக்குப் போய்த் திரும்பியவர்கள் எவராவது அக்கரைப் பக்கத்து ஆட்களைப் பார்த்தார்களா என்று விசாரிக்க அவர் கரைக்கு நடந்துவிட்டார்.