உறவில் வாங்கும் பொருள்

பேரன் கோயம்புத்தூரில் பொறியியல் கல்லூரியில் சேர்ந்திருக்கிறான். கணினி வேண்டும் என்கிறான். தங்கையின் பேரனோ வெளிநாட்டு வேலைக்குப் புறப்படுகிறான். தன்னிடமுள்ள கேமிங் கம்ப்யூட்டரை, அதாவது விளையாட்டுகளுக்கெனக் கூடுதல் திறனுடன் அமைத்த மேசைக் கணினியை, 60,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறான். பணம் தர வேண்டியவர் ஓய்வூதியத்தில் வாழும் தாத்தா. “தாய்மாமனாக நின்று சீர் செய்த வீடு அது. அந்த வீட்டுப் பிள்ளையின் பொருளைச் சோதித்துப் பார்ப்பது முறையா? வேண்டாம் என்றால் தங்கை மனம் நோகாதா?” என்று ஓர் அன்பர் கேட்டிருக்கிறார்.

சோதிப்பது முறைதான். திருக்குறளை இன்று நாம் ஓதும் வரிசையில், 51ஆம் அதிகாரம் தெரிந்து தெளிதல். 52 தெரிந்து வினையாடல். அவற்றை அடுத்தே 53ஆவதாகச் சுற்றந்தழால் வருகிறது. ஆராய்ந்து தெளிவதும் சுற்றத்தைத் தழுவுவதும் பகையல்ல. அடுத்தடுத்து வாழும் அறங்கள்.

நம் கொங்கு மண்ணின் வழக்கமும் அதுவே. ஆடியில் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் சந்தையிலும், சித்திரையில் கண்ணபுரம் மாரியம்மன் கோயில் மாட்டுச் சந்தையிலும், விற்பவர் பங்காளியே ஆனாலும் மாட்டின் வாயைத் திறந்து பல் பார்க்காமல் யாரும் வாங்குவதில்லை. இரண்டு பல்லா, நான்கு பல்லா, கடை சேர்ந்துவிட்டதா என்று பார்ப்பார்கள், சுழி பார்ப்பார்கள், நடத்திப் பார்ப்பார்கள். பிறகு துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவார்கள். விற்பவர் அதனை அவமதிப்பாகக் கருதியதில்லை. பல் பார்க்காமல் கயிற்றைப் பிடித்தவர்தான் பின்னாளில் குறை சொல்வார் என்பதை அவரும் அறிவார்.

கணினிக்கும் பல் உண்டு. அதன் சேமிப்பு வட்டு, தான் எத்தனை மணி நேரம் ஓடியது என்ற கணக்கைத் தனக்குள்ளேயே பதிந்து வைக்கிறது. விவரம் அறிந்தவர் சில நிமிடங்களில் அதைப் படித்துச் சொல்வார். 10,000 மணி நேரம் என்றிருந்தால், நாள்தோறும் 9 மணி நேரம் வீதம் மூன்றாண்டுகள் உழைத்த இயந்திரம் என்று பொருள். வட்டை இடையில் மாற்றியிருக்கவும் கூடும். ஆதலால் வாங்கிய ரசீதையும் கேளுங்கள். உதிரிப் பாகங்களின் உத்தரவாதக் காலம் பெரும்பாலும் ரசீது நாளிலிருந்தே கணக்கிடப்படும்.

அடுத்தது கிராபிக்ஸ் கார்டு. இத்தகைய கணினியில் பெரும்பாலும் அதுவே விலை மிகுந்த பாகம். சிலர் கிரிப்டோ நாணயம் ஈட்டுவதற்காக அதனை மாதக்கணக்கில் இரவுபகலாக ஓட்டியிருப்பார்கள். ஒரு மணி நேரம் பெரிய விளையாட்டு ஒன்றை இயக்கிப் பாருங்கள். திரையில் கோடு விழுகிறதா, மின்விசிறி இரைகிறதா, தானே அணைந்துவிடுகிறதா என்பன அப்போது வெளிப்படும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் நின்றுவிட்டது. எனவே கணினி விண்டோஸ் 11ஐ ஏற்குமா என்பதையும் கேட்டறிய வேண்டும்.

பொருள் நன்றாயிருந்தால் மட்டும் போதாது. பேரனுக்குப் பொருந்தவும் வேண்டும். வரைபடம், அனிமேஷன் போன்ற பாடங்களுக்கு இந்தத் திறன் உதவும். ஆனால் அவன் விடுதியில் தங்கிப் படிப்பவனாயின், மேசைக் கணினி வீட்டில் தூசி படிந்து கிடக்கும். அவனுக்கு மடிக்கணினியே ஏற்றது. விளையாட்டின்போது 400 வாட் இழுக்கும் இயந்திரம் நாள்தோறும் 5 மணி நேரம் ஓடினால், இரண்டு மாதத்தில் 120 யூனிட் மின்சாரம் கூடும். அதையும் விலையோடு சேர்த்து எண்ணுங்கள்.

இனி விலை. அதே திறனுள்ள புதிய கணினி இன்று என்ன விலை என்று இரண்டு கடைகளில் கேட்டுவிட்டுப் பேசுங்கள். பேசிய தொகையை ஒரே தவணையில் கொடுத்துவிடுங்கள். பாக்கி வைப்பதும், மொய்க் கணக்கில் கழிப்பதும் வேண்டா. வெளிநாடு செல்லும் பிள்ளைக்கு உதவ விரும்பினால், வெற்றிலைத் தட்டில் தனியே வைத்துக் கொடுங்கள். விலைக்குள் அன்பளிப்பை ஒளித்து வைத்தால், பழுது வரும் நாளில் இரண்டுமே கசக்கும். தன் படங்களையும் வங்கி விவரங்களையும் அழித்துவிட்டுத் தருமாறு அந்தப் பிள்ளைக்கும் நினைவூட்டுங்கள். அது அவனுக்குக் காவல்.

கடையில் வாங்கிய பொருள் ஏமாற்றினால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் துணைக்கு வரும். வீட்டுப் பொருளை விற்கும் உறவினர் வணிகர் அல்லர். அவர்மீது அங்கே வழக்கில்லை. ஆனைமலை மாசாணியம்மன் சன்னிதியில், வஞ்சிக்கப்பட்டோர் மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசி முறையிடுவதை நாம் அறிவோம். தங்கை வீட்டை நினைத்து அந்தக் கல்லின் முன் நிற்கும் நிலை நமக்கு வரவேண்டா.

கோயிலில் பூக் கேட்டு முடிவெடுப்பதும் நம் வழக்கமே. ஆனால் கண்ணால் கண்டு அறியக்கூடியதை அம்மனிடம் கேட்பானேன்? முதலில் பாருங்கள். ரசீது இருந்து, சோதனையில் தேறி, படிப்புக்கும் பொருந்தினால் மகிழ்ச்சியாக வாங்குங்கள். ஒன்று குறைந்தாலும், “பேரனுக்கு இது பொருந்தாது, கண்ணு” என்று அந்தப் பிள்ளையிடமே நேரில், உடனே சொல்லிவிடுங்கள். வேறொருவர் வாய்வழியாகப் போகும் மறுப்புத்தான் மனத்தைப் புண்படுத்தும்.

அதன் பின்னும் தயக்கம் இருந்தால், ஒரே ஒரு கேள்வியை உங்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஓராண்டில் இந்தக் கணினி பழுதாகி நின்றுவிட்டாலும், தங்கை வீட்டுத் திருமணத்திற்கு முதல் ஆளாய்ப் போய், சிரித்த முகத்தோடு பந்தியில் அமர முடியுமா? முடியும் என்றால் வாங்குங்கள். முடியாது என்றால், அது எவ்வளவு மலிவாயினும் நமக்குக் கட்டுபடியாகாத விலை.