பெயின்ட் அடிக்கும் முன்பே போய்ப் பாருங்கள்!



சென்னையில் தி.நகர், மாம்பலம், மயிலாப்பூர் என்று எந்தப் பக்கம் போனாலும் பச்சை வலை போர்த்திய கட்டடங்கள்தான் கண்ணில் படுகின்றன. 1980களிலும் 90களிலும் கட்டிய ஃபிளாட்டுகளை இடித்துவிட்டு, கீழே கார் நிறுத்த இடம் விட்டு, மேலே நான்கு மாடி, ஐந்து மாடி என்று எழுப்புகிறார்கள். தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 2022 என்பது 2024ல் நடைமுறைக்கு வந்தது. மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தாலே பழைய கட்டடத்தை இடித்துக் கட்டலாம் என்கிறது அது. ஆகவே இந்த வேலைகள் இன்னும் பெருகத்தான் போகின்றன.

ஃபிளாட் வாங்குவது என்று முடிவானால், நம் நகை, கணவரின் பி.எஃப். பணம், இருபது வருஷக் கடன் எல்லாம் அதில்தான் போய் விழுகின்றன. ஆனால் பெண்களாகிய நாம் எப்போது போய்ப் பார்க்கிறோம்? டைல்ஸ் தேர்ந்தெடுக்கக் கூப்பிடும்போதுதான்! "சமையல் மேடைக்கு கறுப்பு கிரானைட் போடலாமா மேடம்?" என்று கேட்பார்கள். நாமும் சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு வந்துவிடுவோம். மற்றதைக் கேட்டால், "அதெல்லாம் அவர் பார்த்துப்பார்" என்போம்.

டைல்ஸ் பிடிக்கவில்லை என்றால் பின்னால் மாற்றிக்கொள்ளலாம். தூணுக்குள் போன கம்பியை மாற்ற முடியுமா சகோதரிகளே? கட்டடத்தின் உயிர் எல்லாம் மூடிப்போகிற இடங்களில்தான் இருக்கிறது. அஸ்திவாரம், கம்பி, காங்கிரீட் மூன்றையும் பூச்சு வேலைக்கு முன்னால்தான் பார்க்க முடியும்.

"நமக்கு இன்ஜினீயரிங்கா தெரியும்?" என்று கேட்காதீர்கள். எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு கட்டடம் எழும்புகிறது. துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போகும்போதெல்லாம் பார்ப்பேன். தளம் போட்ட மறுநாள் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினார்கள். நான்காம் நாள் பார்த்தால் பாத்தி காய்ந்து கிடக்கிறது! அங்கே வீடு பதிவு செய்திருக்கும் ஒரு மாமியிடம் சொன்னேன். அவர் போன் போட்டுக் கேட்டார். சாயந்திரமே தண்ணீர் விட்டுவிட்டார்கள். ஒரு போனுக்கு இவ்வளவு பலன்!

காங்கிரீட் காய்வதால் இறுகுவதில்லை. சிமென்ட்டும் தண்ணீரும் சேர்ந்து வினை புரிவதால்தான் இறுகுகிறது. அதனால் சாதாரண சிமென்ட் என்றால் குறைந்தது 7 நாள், சாம்பல் கலந்த சிமென்ட் என்றால் 10 நாள் ஈரம் காயாமல் இருக்க வேண்டும். கடும் வெயிலில் இன்னும் அதிகம். அடியில் கொடுத்த முட்டையும் அவசரப்பட்டு எடுக்கக்கூடாது. அகலத்தைப் பொறுத்து, தளத்துக்கு 7 முதல் 14 நாள், உத்தரத்துக்கு 14 முதல் 21 நாள். இட்லி வேகும் முன் மூடியைத் திறக்கக்கூடாது என்று தெரிந்த நமக்கு இது புரியாதா என்ன?

2014 ஜூன் 28ஆம் தேதியை மறக்க முடியுமா? சென்னைக்கு அருகே மௌலிவாக்கத்தில், கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்தார்கள். பக்கத்தில் இருந்த இன்னொரு 11 மாடிக் கட்டடமும் பாதுகாப்பானதல்ல என்று 2016 நவம்பரில் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது. வெளியிலிருந்து பார்த்தால் அதுவும் மற்ற கட்டடங்களைப் போலத்தானே நின்றுகொண்டிருந்தது?

சட்டம் நமக்குத் துணை நிற்கிறது. 2016ன் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி (ரெரா என்கிறார்களே, அதுதான்) ஒப்பந்தத்தைப் பதிவு செய்யும் முன் பத்து சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது. வாங்குபவர்கள் தரும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனி வங்கிக் கணக்கில் போட்டு, அந்தக் கட்டடத்தின் நிலத்துக்கும் கட்டுமானத்துக்கும்தான் செலவழிக்க வேண்டும். வேலை எதுவரை வந்திருக்கிறது என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆணையத்தின் இணையதளத்தில் தெரிவிக்க வேண்டும். அனுமதி பெற்ற வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பார்க்க நமக்கு உரிமை உண்டு. குடிவந்து 5 வருஷத்துக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் செலவில்லாமல் சரிசெய்து தர வேண்டும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 500 சதுர மீட்டருக்குள், அதாவது சுமார் இரண்டேகால் கிரவுண்டுக்குள், எட்டு வீட்டுக்கு மேற்படாமல் கட்டினால் ரெரா பதிவு கட்டாயமில்லை. எங்களுடையது மாதிரி தெருக்களில் இடித்துக் கட்டுகிற பல கட்டடங்கள் இந்த அளவுக்குள்தான் வருகின்றன. அங்கே இணையதளத்தில் தேடினாலும் ஒன்றும் கிடைக்காது. நம் கண்தான் காவல்.

ஆகவே தோழிகளே, பத்து நாளைக்கு ஒருமுறையாவது நேரில் போய் வாருங்கள். கம்பி கட்டி முடிந்ததும், காங்கிரீட் போடும் முன், தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள். மண் பரிசோதனை அறிக்கையைக் கேளுங்கள். நாலைந்து குடும்பமாகச் சேர்ந்து, சம்பந்தமில்லாத வெளி இன்ஜினீயர் ஒருவரை முக்கியமான கட்டங்களில் அழைத்துப் போய்க் காட்டுங்கள். பங்கு போட்டால் ஒரு பட்டுப்புடவைச் செலவுகூட ஆகாது.

கத்தரிக்காய் வாங்கும்போது காம்பைத் திருப்பிப் பார்த்து வாங்குகிறவர்கள் நாம். பிள்ளைகளோடு படுத்துத் தூங்கப்போகும் வீட்டை, பெயின்ட்டை மட்டும் பார்த்து வாங்கலாமா?

- ஒரு வாசகி, மேற்கு மாம்பலம், சென்னை.