“இன்னும் ஒரு வருடம் பார்ப்போம்”

இலக்கியம் பேசும் இடத்தில் அமெரிக்கக் கால்பந்தைப் பற்றி எழுதுவதற்கு முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். 2024 கோடை விடுமுறையில், ஓஹையோ மாநிலத்தின் சின்சினாட்டியில் இருக்கும் தங்கை வீட்டில் ஆறு வாரங்கள் தங்கியிருந்தேன். அந்த ஊரில் அப்போது பேச்செல்லாம் ஒரே ஓர் இளைஞரைப் பற்றித்தான். உள்ளூர் அணியான பெங்கால்ஸின் வைட் ரிசீவர், ஜமார் சேஸ். அவருடைய ஒப்பந்தத்தை அந்த ஆண்டே நீட்டித்துவிடுவதா, அடுத்த ஆண்டுவரை பொறுப்பதா என்பதே கேள்வி. தங்கையின் கணவர் பொறுக்கும் கட்சி. “இன்னும் ஒரு வருடம் விளையாடட்டும் மச்சான். பார்த்துவிட்டுக் கொடுத்தால் என்ன குறைந்துவிடப் போகிறது?” என்றார்.

அன்று என்னிடம் பதில் இல்லை. பந்தை எறிபவர் குவார்ட்டர்பேக், ஓடிப்போய்ப் பிடிப்பவர் வைட் ரிசீவர் என்பதற்குமேல் அந்த ஆட்டத்தில் எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் “இன்னும் ஒரு வருடம் பார்ப்போம்” என்ற அந்த வாக்கியம் எனக்கு மிகவும் பழக்கமானது. ஊர் திரும்பிய பிறகும் அது என்னை விடவில்லை. தேடித்தேடிப் படித்தேன். இப்போது பதில் இருக்கிறது. மாப்பிள்ளையின் கட்சி கணக்காகவும் தவறு, அறமாகவும் தவறு என்பதே என் தரப்பு.

விதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என்.எஃப்.எல். எனப்படும் அந்தத் தொழில்முறைக் கூட்டமைப்பில், கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும். அதற்கு டிராஃப்ட் என்று பெயர். அப்படித் தேர்வாகும் புதுமுகம் நான்காண்டு ஒப்பந்தத்தில் நுழைகிறார். எத்தனையாவதாகத் தேர்வானார் என்பதே ஏறக்குறைய ஊதியத்தைத் தீர்மானித்துவிடுகிறது. முதல் சுற்றில் தேர்வானவரை ஐந்தாம் ஆண்டும் வைத்துக்கொள்ளும் விருப்புரிமை அணிக்கு உண்டு. ஆட்டக்காரரைக் கேட்க வேண்டியதில்லை. 2011-ஆம் ஆண்டின் தொழிலாளர் உடன்படிக்கைக்குப் பிறகு, டிராஃப்டில் வந்த ஒருவர் மூன்று பருவங்கள் ஆடி முடிக்கும்வரை அவருடைய ஒப்பந்தத்தைத் தொடவே கூடாது. மூன்றாம் பருவம் முடிந்ததும் கதவு திறக்கிறது. திறந்த கதவின் வழியே உடனே நுழைய வேண்டுமா, வாசலில் நின்று இன்னும் ஒரு வருடம் பார்க்க வேண்டுமா என்பதுதான் விவாதம்.

காத்திருக்கச் சொல்பவர்கள், விலை அதே இடத்தில் நிற்கும் என்று நம்புகிறார்கள். அது நிற்பதில்லை. ஓர் அணி தன் ஆட்டக்காரர்கள் அனைவருக்கும் சேர்த்து ஓராண்டில் செலவிடக்கூடிய தொகைக்கு உச்சவரம்பு உண்டு. அது 2020-இல் 19.82 கோடி டாலர். கொள்ளைநோய்க் காலத்தில், 2021-இல், 18.25 கோடியாக இறங்கியது. பிறகு 2022-இல் 20.82, 2023-இல் 22.48, 2024-இல் 25.54, 2025-இல் 27.92 கோடி. ஐந்தாண்டில் நாற்பது விழுக்காட்டுக்கு மேல் உயர்வு. வரம்பு உயர்கையில் ஒவ்வொரு புதிய ஒப்பந்தமும் முந்தையதைத் தாண்டிப் போகிறது. இன்று கையெழுத்திட்ட தொகையோ, ஆண்டுதோறும் வரம்பின் சிறிய பங்காகச் சுருங்கிக்கொண்டே வருகிறது.

மின்னசோட்டா வைக்கிங்ஸ் அணியின் ஜஸ்டின் ஜெஃபர்சனை எடுத்துக்கொள்வோம். 2020 டிராஃப்டில் 22-ஆவதாகத் தேர்வானவர். முதல் மூன்று பருவங்களில் 1,400, 1,616, 1,809 யார்டுகள். மூன்றாம் பருவத்தில் தாக்குதல் ஆட்டக்காரருக்கான விருதையும் பெற்றார். கதவு திறந்தது 2023-இன் தொடக்கத்தில். அன்று வைட் ரிசீவர்களில் மிக உயர்ந்த ஊதியம் டைரீக் ஹில்லுடையது, ஆண்டுக்குச் சராசரி 3 கோடி. பேச்சு நடந்தது, முடியவில்லை. 2023 பருவத்தில் ஜெஃபர்சனுக்குத் தொடைத் தசையில் காயம். ஏழு ஆட்டங்களில் ஆடவில்லை. காத்திருந்தவர்களின் தர்க்கப்படி விலை இறங்கியிருக்க வேண்டும். 2024 ஜூனில் அவர் கையெழுத்திட்டது நான்காண்டுக்கு 14 கோடி. ஆண்டுக்குச் சராசரி மூன்றரைக் கோடி. காயம்பட்டும் விலை ஏறியது. காத்திருந்ததால் அணி பெற்றது என்ன?

அந்தச் செய்தி வந்த வாரம் நான் சின்சினாட்டியில்தான் இருந்தேன். ஜெஃபர்சனும் சேஸும் லூசியானா மாநிலப் பல்கலைக்கழக அணியில் ஒன்றாக ஆடியவர்கள். தோழனின் விலை தெரிந்துவிட்ட பிறகு தன் விலையை எவர் குறைத்துச் சொல்வார்? ஆயினும் பெங்கால்ஸ் அந்த ஆண்டு கொடுக்கவில்லை. சேஸ் பயிற்சி முகாமுக்கு வந்தார். பயிற்சியில் இறங்காமல் நின்றார். முகாமுக்கே வராதிருந்தால் நாளொன்றுக்குப் பல்லாயிரம் டாலர் அபராதம் என்பதால், வந்து நின்று ஆடாதிருப்பது இப்போது அங்கே ஒரு போராட்ட முறையாகிவிட்டது. பருவத்தின் முதல் மூன்று ஆட்டங்களிலும் அணி தோற்றது. முடிவில் 9 வெற்றி, 8 தோல்வி. அடுத்த சுற்றுக்குத் தகுதி இல்லை. சேஸோ அதே பருவத்தில் 127 பிடிப்புகள், 1,708 யார்டுகள், 17 டச்டவுன்கள் என மூன்றிலும் முதலிடம் பெற்றார். 2025 மார்ச்சில் நான்காண்டுக்கு 16.1 கோடி கொடுத்தார்கள். சராசரி 4.025 கோடி. உச்சவரம்பின் பங்காகப் பார்த்தாலும், ஜெஃபர்சனின் சராசரி 2024 வரம்பில் 13.7 விழுக்காடு, சேஸின் சராசரி 2025 வரம்பில் 14.4 விழுக்காடு. தோல்விகளுக்கெல்லாம் ஒப்பந்தமே காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் முகாமையும் இழந்து, விலையையும் கூட்டிக் கொடுத்ததற்குப் பெயர் சிக்கனம் அன்று.

டல்லஸ் கவ்பாய்ஸும் இதையே செய்தார்கள். சீடி லேம்புக்கு 2023-இன் தொடக்கத்திலேயே கதவு திறந்திருந்தது. அவர் அந்தப் பருவத்தில் 135 பிடிப்புகள், 1,749 யார்டுகள் என்று குவிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2024 முகாம் முழுவதையும் அவர் புறக்கணித்தார். ஆகஸ்ட் கடைசியில், ஜெஃபர்சன் வகுத்துவிட்ட விலையை ஒட்டி, நான்காண்டுக்கு 13.6 கோடி கொடுத்தார்கள்.

இனி மறுபக்கம். டெட்ராய்ட் லயன்ஸ் அணியின் ஆமொன்-ரா செயின்ட் பிரவுன் 2021-இல் நான்காம் சுற்றில், 112-ஆவதாகத் தேர்வானவர். 2023-இல் 119 பிடிப்புகள், 1,515 யார்டுகள். மூன்றாம் பருவம் முடிந்த முதல் வசந்தத்திலேயே, 2024 ஏப்ரலில், நான்காண்டுக்கு 12 கோடிக்குச் சற்று மேல் கொடுத்து முடித்தார்கள். ஜெஃபர்சன் கையெழுத்திட இன்னும் ஆறு வாரம் இருந்தது. முகாமில் சச்சரவு இல்லை. அந்தப் பருவத்தில் அணி 15 ஆட்டங்களில் வென்று இரண்டில் மட்டும் தோற்றது. அவருடைய சராசரி 3 கோடி, 2024 வரம்பில் 11.7 விழுக்காடு, ஓராண்டிலேயே 10.7 ஆகச் சுருங்கிவிட்டது. பலர் கவனிக்காத இன்னொன்றும் உண்டு. நீட்டிப்பு என்பது பழைய ஒப்பந்தத்தின் எஞ்சிய மலிவான ஆண்டின் பின்னே புதிய ஆண்டுகளைச் சேர்ப்பது. சீக்கிரம் கொடுத்தால் அந்த மலிவான ஆண்டும் சேர்ந்தே கணக்கில் வரும். மொத்தச் சுமை இறங்கும். அந்த ஆண்டைச் சச்சரவில் கழித்துவிட்டால் அது போனது போனதுதான்.

கொடுக்காமல் அனுப்பிவிட்ட கதையும் உண்டு. டென்னசி டைட்டன்ஸ் அணிக்கு ஏ.ஜே. பிரவுன் 2019-இல் வந்தார். முதல் இரண்டு பருவங்களிலும் ஆயிரம் யார்டைத் தாண்டினார். மூன்றாவதில் காயங்களால் 869. விலை படியவில்லை என்று 2022 டிராஃப்ட் இரவில் பிலடெல்பியாவுக்கு அனுப்பிவிட்டு, கிடைத்த தேர்வைக்கொண்டு ஒரு புதுமுகத்தை எடுத்தார்கள். பிலடெல்பியா அவருக்கு உடனே நான்காண்டுக்கு 10 கோடி கொடுத்தது. அந்தப் பருவத்தில் அவர் 1,496 யார்டுகள் எடுத்தார். டிசம்பரில் பழைய அணிக்கு எதிராகவே இரண்டு டச்டவுன்கள் எடுத்தார், ஆட்டம் 35-10. இரண்டு நாள் கழித்து டென்னசியின் பொது மேலாளர் பதவி நீக்கப்பட்டார். பிலடெல்பியாவோ 2024 ஏப்ரலில் இன்னொரு ரிசீவரான டெவான்டா ஸ்மித்துக்கும் முதல் வசந்தத்திலேயே மூன்றாண்டு நீட்டிப்புக் கொடுத்தது. பிரவுனின் ஒப்பந்தத்தையும் அது முடிய ஆண்டுகள் இருக்கும்போதே மறுபடி நீட்டித்தது. 2025 பிப்ரவரியில் அந்த அணி சூப்பர் பவுல் வென்றது.

எதிர்த்தரப்பின் வலுவான வாதங்களை மறைக்கக் கூடாது. முதலாவது காயம். நியூ ஆர்லியன்ஸ் அணி மைக்கேல் தாமஸுக்கு 2019 ஜூலையில், மூன்று பருவங்கள் முடிந்தவுடன், ஐந்தாண்டு நீட்டிப்புக் கொடுத்தது. அந்தப் பருவம் 149 பிடிப்புகள் எடுத்துச் சாதனை படைத்தார். அடுத்த பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே கணுக்காலில் அடி. அதன்பின் பழைய தாமஸ் திரும்பவே இல்லை. “பார்த்தீர்களா?” என்பார்கள். பார்க்கத்தான் சொல்கிறேன். ஒரு வருடம் காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்த 149 பிடிப்புகளுக்குப் பிறகு இன்னும் அதிகம் கொடுத்திருப்பார்கள். அடுத்த ஆட்டத்திலேயே அவர் விழுந்திருப்பார். சான் பிரான்சிஸ்கோவின் பிராண்டன் அயூக்கிற்கு நான்கு பருவங்கள் பார்த்துவிட்டுத்தான் 2024 ஆகஸ்டில் 12 கோடி கொடுத்தார்கள். அக்டோபரில் முழங்கால் போயிற்று. காத்திருப்பு காயத்தைத் தடுப்பதில்லை.

இரண்டாவது, டைரீக் ஹில். கன்சாஸ் சிட்டி 2022-இல் அவரை மயாமிக்கு அனுப்பிவிட்டு அடுத்த இரண்டு பருவங்களிலும் சூப்பர் பவுல் வென்றது. உண்மை. ஆனால் அன்று ஹில்லுக்கு வயது 28. அவர் வளர்ந்து முடித்தவர். முன்பே ஒரு நீட்டிப்பைப் பெற்று ஆடியவர். நான் பேசுவது இருபத்துநான்கு வயதில் மூன்றாம் பருவத்தை முடித்து நிற்பவரைப் பற்றி. மூன்றாம் ஒப்பந்தத்தில் அணி எவ்வளவு கறாராக இருந்தாலும் எனக்குச் சண்டையில்லை.

மூன்றாவதை ஒப்புக்கொள்கிறேன். டெட்ராய்ட் அணி 2020-இல் கென்னி கோலடேவுக்குக் கொடுக்காமல் காத்திருந்தது. அவர் காயம்பட்டார், 2021-இல் நியூயார்க் ஜயண்ட்ஸ் 7.2 கோடிக்கு எடுத்தது. இரண்டு பருவங்களில் ஒரே ஒரு டச்டவுன். அங்கே காத்தவர்கள் தப்பினார்கள். ஆகவே எல்லோருக்கும் அள்ளிக்கொடு என்பது என் கட்சி அன்று. இரண்டு பருவங்களாவது தொடர்ந்து ஏறுமுகமாக இருந்து, எதிரணி அவரைக் குறிவைத்துத் தடுத்தும் பந்து அவரிடம் போய்ச் சேருகிறது என்றால், முதல் வசந்தத்திலேயே கொடுத்துவிட வேண்டும். ஒரே ஒரு பருவம்தான் சாட்சி என்றால் குறைந்த ஆண்டுகளுக்குக் கொடுக்கலாம். ஹூஸ்டன் அணி நிக்கோ காலின்ஸுக்கு அப்படித்தான் செய்தது. முதல் இரண்டு பருவங்களில் ஐந்நூறு யார்டைத் தொடாதவர், மூன்றாவதில் 1,297 எடுத்தார். 2024 மே மாதம் மூன்றாண்டுக்கு 7.275 கோடி. அடுத்த பருவத்தில் 12 ஆட்டங்களிலேயே ஆயிரத்தைத் தாண்டினார். ஐயம் இருந்தால் அதைக் காலத்தின் அளவில் காட்டலாம். கொடுப்பதைத் தள்ளிப்போடுவதில் காட்ட வேண்டியதில்லை.

கோடீசுவரர்களுக்காகத் தமிழாசிரியன் ஏன் கண்ணீர் விட வேண்டும் என்று கேட்கலாம். கண்ணீர் விடவில்லை. ஜெஃபர்சன் 1,809 யார்டு எடுத்த ஆண்டிலும் தன் டிராஃப்ட் இடத்துக்குரிய ஊதியத்தையே பெற்றார் என்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். காத்திருக்கும் அந்த ஒரு வருடத்தில் முழங்கால் போனால் இழப்பு யாருக்கு? முழுவதும் ஆட்டக்காரருக்கு. அணிக்கோ, கையெழுத்திட்ட பிறகும் முழுத்தொகை கட்டாயமில்லை. ஜெஃபர்சனின் 14 கோடியிலேயே உறுதித்தொகை 11 கோடிதான். வலியவரிடம் தப்பிக்க வழி இருக்கிறது. எளியவரிடம் இருப்பது உடம்பு ஒன்றுதான், அதுவும் சில ஆண்டுகளுக்கு.

நான் ஒன்பது ஆண்டுகள் ஒரு கல்லூரியில் தொகுப்பூதிய விரிவுரையாளராக இருந்தேன். ஒவ்வொரு மே மாதமும் அழைத்து, “நன்றாகத்தான் நடத்துகிறீர்கள், இன்னும் ஒரு வருடம் பார்ப்போம்” என்பார்கள். ஒன்பது ஆண்டும் என் பாடத்தில் தேர்ச்சி விழுக்காட்டைத் தங்கள் விளம்பரத் தாளில் அச்சிட்டுக்கொண்டார்கள். பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் மிச்சமிருக்கவில்லை என்று எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். அந்த வாக்கியத்துக்கு ஒரே பொருள்தான்: உன் திறமையை அறிவோம், அதற்குரிய விலையைக் கொடுக்காமல் இன்னும் ஒரு வருடம் ஓட்டலாம் என்பது. தொகையில்தான் சின்சினாட்டிக்கும் எங்கள் ஊருக்கும் வேறுபாடு.

புறநானூற்றை வகைப்படுத்தியவர்கள் பரிசில் கடாநிலை என்றொரு துறையை வகுத்தார்கள். பரிசில் தாமதமாகும்போது புலவன் புரவலனுக்கு அதை நினைவூட்டும் பாட்டுகள் அதில் அடங்கும். ஒரு தனித்துறையே வேண்டியிருந்தது என்றால், தாமதம் எத்தனை வழக்கமாக இருந்திருக்க வேண்டும்! அதியமானே நீட்டித்தபோது ஔவை வாயிற்காவலனை முன்னிறுத்திப் பாடிவிட்டுப் புறப்படத் துணிந்தாள். கொடுத்ததை மட்டுமல்ல, நீட்டித்ததையும் பாட்டு பதிவு செய்து வைத்திருக்கிறது.

சேஸ் கையெழுத்திட்ட அன்று மாப்பிள்ளை தொலைபேசியில் அழைத்தார். “கடைசியில் கொடுத்துவிட்டார்கள் பார்த்தீர்களா மச்சான், என்ன குறைந்துவிட்டது?” என்றார். ஒரு முகாம், ஆண்டுக்குச் சில பத்து லட்சங்கள், சேஸின் ஆகச்சிறந்த ஒரு பருவம் என்று எண்ணிச் சொன்னேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. மூன்றாம் பருவம் முடிந்த ஒருவர் ஒவ்வோர் ஆண்டும் ஏதேனும் ஓர் அணியில் வந்து நிற்கத்தான் போகிறார். அடுத்த வசந்தத்திலும் இந்தச் சண்டையை நடத்திக்கொள்ளலாம்.