ராஜாவோடு போன படகு

1936 ஜூலை 10. இங்கிலாந்தின் தென்கரையை ஒட்டிய வைட் தீவுக்கு அப்பால், ஆழமான கடல் பகுதிக்கு ஒரு படகின் வெறும் கூடு இழுத்துச் செல்லப்பட்டது. பாய் இல்லை, பாய்மரம் இல்லை. சாமான்கள் எல்லாம் முன்பே கழற்றப்பட்டுவிட்டன. 'அமேசான்' என்ற போர்க்கப்பல் அதை மூழ்கடித்துவிட்டுத் திரும்பியது.

மூழ்கியது ஏதோ ஓட்டைப் படகு அல்ல. 635 போட்டிகளில் இறங்கி 231-ல் முதலிடம் பிடித்த 'பிரிட்டானியா'. அதன் சொந்தக்காரர் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அந்த ஆண்டு ஜனவரியில்தான் காலமாகியிருந்தார். தனக்குப் பின் தன் படகும் போய்விட வேண்டும் என்பது அவருடைய கடைசி ஆசை.

ஆனால் படகைக் கட்டச் சொன்னவர் அவரல்ல, அவருடைய தந்தை எட்வர்ட். தாயார் விக்டோரியா மகாராணி அரியணையை விட்டு இறங்குவதாக இல்லை. ஐம்பது வயதைத் தாண்டியும் இளவரசராகவே இருந்த எட்வர்டுக்குப் பொழுது நிறைய இருந்தது. ஸ்காட்லாந்தின் கிளைட் நதிக்கரையில் 1893-ல் அவருக்காகக் கட்டப்பட்ட படகு இது. எஃகுச் சட்டத்தின் மேல் மரப்பலகை, 121 அடிக்கும் மேல் நீளம். வடிவமைத்தவர் ஜார்ஜ் லெனாக்ஸ் வாட்சன். முதல் ஆண்டிலேயே 43 போட்டிகளில் கலந்துகொண்டு 33-ல் பரிசு வாங்கியது. மறு ஆண்டு அமெரிக்காவின் புகழ்பெற்ற 'விஜிலன்ட்' பிரிட்டிஷ் கடலுக்கு வந்து மோதியபோது, அதையும் தோற்கடித்தது.

இதைப் பார்த்துப் பொருமியவர் ஒருவர் இருந்தார். ஜெர்மன் சக்கரவர்த்தி இரண்டாம் வில்ஹெல்ம். எட்வர்டின் அக்காள் மகன். வைட் தீவின் கௌஸ் நகரில் ஆகஸ்ட் மாதம் நடக்கும் பந்தயங்களுக்கு வந்து தாய்மாமனோடு மல்லுக்கட்டுவதில் அவருக்கு ஆனந்தம். மாமாவின் படகை வடிவமைத்த அதே வாட்சனைப் பிடித்து, 1896-ல் அதைவிடப் பெரிய 'மீட்டியோர்' படகைக் கட்டி ஜெயித்தார். எட்வர்டுக்குப் பந்தயமே கசந்துபோயிற்று. 1897-ல் பிரிட்டானியாவை விற்றுவிட்டார். படகுச் சண்டைதான் உலகப் போரைக் கொண்டுவந்தது என்று சொன்னால் மிகை. ஆனால் மாமாவை விடப் பெரிதாக ஒன்று வேண்டும் என்ற அந்த ஆசை, பின்னாளில் போர்க்கப்பல்கள் விஷயத்திலும் மருமகனை விடவில்லை.

விற்ற படகு சில ஆண்டுகளில் மீண்டும் அரண்மனைக்கே திரும்பியது. 1910-ல் எட்வர்ட் மறைந்ததும் ஜார்ஜிடம் வந்தது. அவர் கடற்படையில் வளர்ந்தவர். சிறுவயதில் பயிற்சி பெற்ற கப்பலின் பெயரும் 'பிரிட்டானியா'தான். போர் முடிந்து, 1920-ல் படகை மறுபடி பந்தயத்துக்குத் தயார் செய்யப் போவதாக அவர் அறிவித்ததும், முடங்கிக் கிடந்த பெரிய படகுகளின் பந்தயத்துக்கே உயிர் வந்தது. களத்தில் இருந்தவற்றில் பிரிட்டானியாதான் கிழம். ஆனாலும் 1920-கள் முழுக்க இளசுகளுக்குத் தண்ணி காட்டியது. 1931-ல் புது மோஸ்தரில் உயரமான முக்கோணப் பாய் மாட்டினார்கள். அது ஒத்துவரவில்லை. எதிர்காற்றில் வேகம் குறைந்தது. 1935-ல் கௌஸில் கடைசிப் பந்தயம்.

ஆண்ட நாடுகளில் ஜார்ஜை எதிர்த்துப் பேசினால் சிறை. கடலில் அவர் ஒரு போட்டியாளர், அவ்வளவே. காற்று ராஜவிசுவாசம் பார்ப்பதில்லை. 635-ல் 231 வெற்றி என்றால், மீதி நானூற்றுச் சொச்சம் முறை ஊரறிய முந்த முடியாமல் போனது என்று அர்த்தம். அவருக்கு அந்தப் படகின் மேல் அத்தனை பிரியம் இருந்ததற்கு இதுவே காரணமாக இருந்திருக்கலாம்.

மூழ்கடித்தது சரிதானா? கடைசிக் காலத்தில் அதோடு போட்டியிட்ட 'வெல்ஷீடா', 'எண்டவர்' படகுகள் கவனிப்பாரற்றுச் சிதிலமடைந்தன. பிரிட்டானியாவுக்கு அந்த அவமானம் வேண்டாம் என்றால் நியாயம்தான். ஆனால் அந்த இரண்டுமே 1980-களில் மீட்கப்பட்டு மறுபடி பாய் விரித்தன. பிரிட்டானியாவுக்கு அந்த வாய்ப்பே இல்லாமல் போயிற்று. 1953-ல் அதே பெயரில் வந்த அரச கப்பல் யந்திரத்தில் ஓடியது. 1997-ல் ஓய்வு பெற்று, இன்று லீத் துறைமுகத்தில் காட்சிப்பொருள்.

ஜார்ஜ் 1911-ல் டில்லியில் தர்பார் நடத்திய சக்கரவர்த்தி. அவர் மறைவுக்குப் பின் இந்தியா கேட் அருகே ஒரு விதானத்தின் கீழ் அவருக்குப் பிரம்மாண்டமான சிலை வைத்தார்கள். 1968-ல் அதை எடுத்து, தர்பார் நடந்த அதே மைதானத்துக்கு அனுப்பினார்கள். வெறிச்சோடியிருந்த விதானத்தின் கீழ் 2022-ல் நேதாஜி வந்து நின்றார். மற்றவர்கள் வைத்த ஞாபகச் சின்னத்தை மற்றவர்களே எடுத்துவிட முடிகிறது. தன் படகை மட்டும் யார் கையும் எட்டாத இடத்துக்கு அனுப்பிவிட்டுப் போனார் ராஜா.