கையொப்பக்காரரும் கணினித் தளங்களும்

பழைய தமிழ்ப் பதிப்புகளின் வரலாற்றை அறிந்தவர்க்குக் கையொப்பக்காரர் என்னுஞ் சொல் புதியதன்று. நூல் அச்சேறு முன்னரே, தமக்கு ஒரு பிரதி வேண்டுமெனக் கையெழுத்திட்டுப் பொருளோ வாக்குறுதியோ அளித்த அன்பர்கள் அவர்கள். உ. வே. சாமிநாதையர் 1887இற் சீவகசிந்தாமணியை வெளியிட்டது இத்தகையோரை நம்பியே. நம் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1881இல் வீரசோழியமும், 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரமும், 1887இற் கலித்தொகையும் பதிப்பித்தபோது உற்ற பொருண்முட்டு அவருடைய பதிப்புரைகளைப் படித்தார் நன்கறிவர். ஆயினும் பதிப்பாசிரியருக்குங் கையொப்பக்காரருக்கும் இடையே தபாற்காரரையன்றி வேறொருவரும் நின்றாரல்லர். இதனை மனத்திற் கொள்ளுமாறு வாசகரை வேண்டுகிறோம்.

அக்கையொப்ப முறை இற்றைநாளிற் புதுக்கோலங் கொண்டு மீண்டுள்ளது. அமெரிக்காவில் 2009இல் எழுந்த கிக்ஸ்டாட்டர் என்னுந் தளம் ஒரு நூலுக்கோ படத்துக்கோ ஒருமுறை பொருள் திரட்டித் தருவது. 2013இல் ஓர் இசைக்கலைஞரும் அவர் நண்பரும் தொடங்கிய பேட்ரியன் மாதந்தோறுஞ் சந்தா பெற்றுத் தருவது. எழுதுவோரும் பாடுவோரும் வரைவோரும் தம் ஆக்கங்களை அங்கே இடுவர். விரும்பினோர் மாதம் இரண்டு மூன்று டொலர் அனுப்புவர். தளத்தார் தம் கூற்றைக் கழித்துக்கொண்டு மிகுதியைச் சேர்ப்பிப்பர். பருத்தித்துறையிலிருந்து ஒருவர் எழுத, ரொறன்ரோவிலிருந்து ஒருவர் பொருள் அனுப்பும் இவ்வசதியை யாம் இகழோம்.

எம்மிடம் பாலபண்டிதருக்குப் படித்த இளைஞர் ஒருவர், வேலை கிடையாத நிலையில், இத்தகைய தளம் ஒன்றிற் குறுந்தொகைப் பாடல்களை வாரத்துக்கு ஒன்றாக உரைத்து வந்தார். நாற்பது பேர் மாதம் மும்மூன்று டொலர் கொடுத்தனர். வீட்டு மின்கட்டணமும் தங்கையின் படிப்புச் செலவும் அதனால் நடந்தன. ஒருநாட் காலை அவர் கணக்கு அடைபட்டிருந்தது. வயது வந்தோர்க்குரிய பொருளை வெளியிட்டு விதியை மீறினார் என்பதே குற்றச்சாட்டு. எந்தப் பாடல், எந்தச் சொல் என்று அறிவித்தல் கூறவில்லை. தலைவியின் மார்பைக் குறித்த சங்கச் சொல் ஒன்று உரையிற் பலமுறை வந்ததே காரணமாகலாம் என நாங்களாக ஊகித்தோம். அப்பொருள் தருஞ் சொல்லை மார்கழி விடியலிற் சங்கும் சேமக்கலமும் முழங்கத் திருவெம்பாவையில் நம் சிறுமியர் பாடுகின்றனர்! (வகுப்பறையில் யாமும் அத்தகைய அடிகளைச் சற்று விரைந்து கடப்பதுண்டு, அக்குற்றத்தை ஒப்புக்கொள்கிறோம்.) மூன்று கிழமை கழித்துக் கணக்கு மீண்டது. காரணம் அப்பொழுதுஞ் சொல்லப்படவில்லை. அதற்குள் பதினொருவர் விலகியிருந்தனர். அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதவும் வழியில்லை. பெயரும் முகவரியுந் தளத்தாரிடமே இருந்தன.

அங்ஙனமாயின் தளங்களுக்கு விதியே வேண்டாவோ எனின், வேண்டும். பொய்க்கதை கட்டிப் பொருள் பறிப்போரும், குழந்தைகளைக் கெடுப்போரும், இனப்பகை மூட்டுவோரும் அவ்வழியே புகுவர். 2018 பங்குனியிற் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம் மக்களின் வீடுகளுங் கடைகளும் எரிந்தபோது, பேஸ்புக்கிற் பரவிய சிங்கள வெறுப்புரைகளைத் தடுக்க அம்மொழி அறிந்தார் அங்குப் போதிய அளவில் இருந்திலர். 2020இல் அந்நிறுவனம் அதற்கு வருத்தந் தெரிவித்தது. ஆகவே, மொழியறியாத காவலன் கள்வனை உள்ளே விடுகிறான். வீட்டுக்காரனை வாயிலில் மறிக்கிறான். இரண்டும் ஒரே அறியாமையின் விளைவுகள்.

அவ்வறியாமைக்கு அடியிற் கிடப்பது கணக்கு. நம் மாணவரின் நாற்பது பேரும் மாதம் 120 டொலர் கொடுத்தனர். பேட்ரியன் தொடக்கத்தில் நூற்றுக்கு ஐந்து பெற்றது. 2025 ஆவணி முதற் புதிதாகச் சேர்வோரிடம் பத்துப் பெறுகின்றது. பத்து வீதமே கொள்ளினும் நம் மாணவராற் கிடைப்பது மாதம் 12 டொலர். குறுந்தொகை படித்த ஒருவரை அமர்த்தி, ஐயம் எழுந்தபோது வாசித்துத் தீர்ப்புக் கூறச் செய்ய அப்பன்னிரண்டு டொலர் போதுமோ? போதாது. எனவே யந்திரம் தீர்ப்புக் கூறுகிறது. ஆங்கிலத்தில் எழுதுவோர் மிகப் பலராதலின் அங்கே மனிதர் வாசிப்பது கட்டுபடியாகும். சிறுதொகையினர் வழங்கும் மொழிகளுக்கு ஆகாது. எதை அனுமதிப்பது என்னும் வினாவும், நிறுவனம் எவ்வாறு பிழைப்பது என்னும் வினாவும் வெவ்வேறென எண்ணுவார் இவ்விடத்தைச் சிந்திப்பாராக.

தளத்தாரும் முற்றுந் தந்நிலையில் நிற்பாரல்லர். 2017 மார்கழியிற் பேட்ரியன் சந்தா ஒவ்வொன்றின்மேலும் நூற்றுக்கு 2.9 வீதமும் 35 சதமும் கொடுப்போரிடமே பெறப்போவதாக அறிவித்தது. ஒரு டொலர் கொடுக்கும் ஏழை அன்பர் ஒரு டொலர் முப்பத்தெட்டுச் சதம் கொடுக்க நேர்ந்திருக்கும். சிறுதொகை கொடுப்போர் பலர் விலகவே, ஒருகிழமை அளவில் அம்முடிவு கைவிடப்பட்டது. 2024இல் அப்பிள் நிறுவனம், தன் கைப்பேசிச் செயலி வழிச் சேருஞ் சந்தாக்களில் நூற்றுக்கு முப்பது வேண்டுமெனப் பேட்ரியனை நெருக்கியது. 2025 யூலையில் இட்ச் என்னும் விளையாட்டு ஆக்கத் தளம், பணங்கடத்தும் நிறுவனங்களின் வற்புறுத்தலால், வயது வந்தோர்க்குரியவை எனக் குறித்த ஆயிரக்கணக்கான ஆக்கங்களைத் தன் தேடற்பட்டியலிலிருந்து நீக்கியது. எழுத்தாளனுக்கு மேலே தளம். தளத்துக்கு மேலே பணங்கடத்துவோர். வாசகன் இவர்களில் ஒருவரையும் கண்டதில்லை.

தீர்ப்புக் கூறுவார் இன்னார் என அறிந்திருத்தலே பெரிதென்பதற்கு நம் இலக்கிய வரலாற்றிற் சான்றுண்டு. வீரமாமுனிவர் திருக்குறளை இலத்தீனிற் பெயர்த்தபோது அறத்தையும் பொருளையும் கொண்டு காமத்துப்பாலை விடுத்தார். துறவியாகிய அவர் செயலுக்குக் காரணம் எளிதில் விளங்கும், விரும்பாதவர் மறுத்துரைக்கலாம். நல்லூர் ஆறுமுக நாவலரோ ஒழுக்கத்தில் இம்மியும் நெகிழாதவர். கோயில்களிற் பொதுமகளிர் ஆடலைக் கடிந்தவர். அவர் 1861இற் பரிமேலழகர் உரையொடு திருக்குறளைப் பதிப்பித்தபோது காமத்துப்பாலையும் முழுமையாகவே அச்சிட்டார். ஒருவர் நீக்கினார், ஒருவர் சேர்த்தார். இருவரும் நூலைப் படித்த பின்னரே அது செய்தனர்.

அண்மைக் காலத்துக்கு மல்லிகை சான்று. டொமினிக் ஜீவா 1966இல் யாழ்ப்பாணத்திற் சலூன் நடத்திக்கொண்டே தொடங்கிய அவ்விதழ், பின்னர் கொழும்புக்கு இடம்பெயர்ந்து, 2012 வரை நானூறு இதழளவில் வெளிவந்தது. பிரதிகளைத் தாமே சுமந்து வீதி வீதியாக விற்றார். ஒரு கதை ஏன் வரவில்லை எனக் கேட்க விரும்பிய எழுத்தாளன் காரியாலயப் படியேறி ஆசிரியரையே கேட்கலாம், கோபித்துக்கொண்டும் திரும்பலாம். கோடிட்ட கொப்பித்தாளிற் பத்திரிகை அச்சிட்ட பொருளாதாரத் தடைக் காலத்தை மறவாத ஊர் இது. தாள் முட்டுப்பட்டது; வாசகரின் முகவரி முட்டுப்படவில்லை.

ஆகவே தளங்களிடம் யாம் வேண்டுவன இரண்டே. ஓர் ஆக்கத்தை நீக்கின், எவ்வடி எவ்விதிக்கு மாறு என்று எழுத்திற் சொல்லுக. முறையீடு எழின், அம்மொழி படித்த ஒருவர் கண்ணிற் படச் செய்க. பின்னதற்குச் செலவு பெரிதெனின், தமிழ் கற்பிக்கும் நம் கல்லூரிகளும் சங்கங்களும் ஐயுற்ற பாடல்களை வாசித்துக் கருத்துரைக்க முன்வரலாம். கூலி வாங்காது இதற்கும் நேரம் ஒதுக்கும் பண்டிதர்கள் இக்குடாநாட்டில் இன்னும் உளர்.

எழுதுவோர்க்குச் சொல்ல வேண்டுவது வேறு. தளம் கடையாக இருக்கலாம். பேரேடு உங்கள் வீட்டில் இருக்கட்டும். கொடுப்போர் இசைவு பெற்று அவர்தம் பெயரையும் முகவரியையும் வாங்கி வையுங்கள். இலங்கையிலிருந்து பேபால் வழிப் பணம் பெற நெடுங்காலம் வசதி இல்லாதிருந்ததை அறிந்த நமக்கு, வழி அடைபடுதல் என்பது இன்னதென விளக்க வேண்டுவதில்லை.

எம் மாணவர் மீண்டும் குறுந்தொகை உரைக்கத் தொடங்கியுள்ளார். எஞ்சிய இருபத்தொன்பது பேருக்கும் அத்தளத்தினூடாகவே விண்ணப்பம் அனுப்பினார். சென்ற வெள்ளிக்கிழமை வரை பத்தொன்பது பேர் முகவரி அனுப்பியுள்ளனர். அவற்றை ஒரு நாற்பது பக்கக் கொப்பியில் மையாற் பதிந்து வைத்திருக்கிறார்.