நாற்காலி மட்டும் போதுமா?

கம்பெனி நிர்வாக சபைகளில் ஸ்திரீகளுக்கும் இடம் அளிக்க வேண்டுமென்று நமது பார்லிமெண்டு 2013-ம் வருஷத்தில் சட்டம் செய்தது. பங்கு மார்க்கெட் பட்டியலில் உள்ள ஒவ்வொரு கம்பெனியும், 100 கோடி ரூபாய் மூலதனமோ 300 கோடி ரூபாய் வியாபாரமோ உள்ள இதர பொதுக் கம்பெனிகளும், குறைந்தபக்ஷம் ஒரு ஸ்திரீயையாவது டைரக்டராக நியமிக்க வேண்டுமென்பது அதன் விதி.

இதற்கு முதலாளிகள் பலர் கண்டுபிடித்த உபாயம் விசித்திரமானது. கெடு நெருங்கியதும் மனைவியையோ மகளையோ டைரக்டராக்கி, சட்டத்துக்கு ஒரு கும்பிடு போட்டு விட்டார்கள். முதலாளியின் குடும்பத்தில் பிறந்தவளுக்குத் திறமை இராது என்று நாம் கூறவில்லை. புதல்வர்கள் நெடுங்காலமாக அந்த வாசல் வழியாகத்தானே வந்திருக்கிறார்கள்! ஆனால், நீட்டிய இடத்தில் கையெழுத்திடுவதற்கென்றே ஒருத்தியை உட்கார வைப்பது சட்டத்தைப் பரிகசிப்பதாகும். ஆகவேதான் பங்கு மார்க்கெட்டைக் கண்காணிக்கும் 'செபி' ஸ்தாபனம், 1000 பெரிய கம்பெனிகளில் முதலாளிகளின் சம்பந்தமற்ற சுயேச்சை ஸ்திரீ டைரக்டர் ஒருவராவது இருக்க வேண்டுமென்று 2020 ஏப்ரல் முதல் கட்டாயப்படுத்த நேர்ந்தது. நார்வே தேசமோ 2003-லேயே பெரிய கம்பெனிகளின் நிர்வாக சபைகளில் நூற்றுக்கு 40 ஸ்தானங்களை நிர்ணயித்தது.

"திறமையை அல்லவா பார்க்க வேண்டும்?" என்று சிலர் ஆட்சேபிக்கிறார்கள். நல்லது, திறமையையே பார்க்கட்டும். உத்தியோகத்துக்கு வரும் பெண்ணிடம் "கலியாணம் எப்போது? குழந்தை உண்டா?" என்று கேட்பது எந்தத் திறமையை அளப்பதற்காக? ஆடவனிடம் இக்கேள்விகளை யாரும் கேட்பதில்லையே! சர்க்காரே இக்குற்றத்திலிருந்து தப்பவில்லை. அந்நிய நாட்டு இலாகாவில் சேர்ந்த பெண் விவாகம் செய்துகொள்ள சர்க்காரின் அநுமதி பெற வேண்டுமென்று ஒரு விதி இருந்தது. அவ்விலாகாவின் முதல் பெண் அதிகாரியான ஸ்ரீமதி முத்தம்மா சுப்ரீம் கோர்ட் வரை சென்று வழக்காடினார். 1979-ல் நீதிபதி கிருஷ்ணய்யர் இத்தகைய விதிகளை வன்மையாகக் கண்டித்தார். ஏர் இந்தியா விமானப் பணிப்பெண் முதல் முறை கர்ப்பமுற்றதும் வேலையை இழக்க வேண்டுமென்ற விதி 1981-ல்தான் ஒழிந்தது.

எழுதி வைத்த விதிகளைக் கோர்ட்டில் எதிர்க்கலாம். எழுதாத விதிகளை எங்கே எதிர்ப்பது? கூட்டத்தில் அவள் சொன்ன யோசனையை ஒருவரும் காதில் வாங்குவதில்லை. அதையே ஓர் ஆண் சொன்னால் மேஜையைத் தட்டி ஆமோதிக்கிறார்கள். எத்தனை பெரிய பதவி வகித்தாலும், குறிப்பெடுக்கவும் காபிக்கு ஏற்பாடு செய்யவும் அவளையே பார்க்கிறார்கள். அருவருப்பான விகடத்துக்குச் சிரிக்காவிட்டால் கர்வி என்று பெயர். இவை சில்லறை விஷயங்கள் என்று தள்ளுவோர் அவற்றை ஒரு நாளாவது அநுபவித்துப் பார்க்கட்டும். தினந்தோறும் இவற்றைச் சகித்து மனம் கசந்து, ஏணியின் பாதியிலேயே எத்தனையோ பேர் இறங்கி விடுகிறார்கள். பிறகு, "மேல் ஸ்தானத்துக்குத் தகுந்த பெண் கிடைக்கவில்லை" என்று முதலாளி கைவிரிக்கிறார்!

பலாத்காரத்துக்கும் ஆபாச நடத்தைக்கும் பரிகாரமாக 2013-ல் வேறொரு சட்டமும் வந்தது. பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஸ்தாபனம் ஒவ்வொன்றிலும், ஒரு ஸ்திரீயின் தலைமையில், பாதிக்குக் குறையாத ஸ்திரீகளைக் கொண்ட விசாரணைக் கமிட்டி அமைய வேண்டும். பத்து வருஷங்களுக்குப் பின், 2023-லும், அதை அமுல் நடத்துவதில் பெருங் குறைகள் இருப்பதை சுப்ரீம் கோர்ட் சுட்டிக்காட்ட நேர்ந்தது. ஜவுளிக் கடையில் நாள் முழுதும் கால் கடுக்க நின்ற பெண்கள் உட்காருவதற்கு ஆசனம் அளிக்கவும் நமது சென்னைச் சட்டசபை 2021-ல் ஒரு திருத்தச் சட்டம் செய்ய வேண்டியிருந்தது. மேலே டைரக்டர் நாற்காலி, கீழே வெறும் முக்காலி. இரண்டும் கேட்டுப் பெற வேண்டியவையாகவே இருக்கின்றன.

சட்டம் நாற்காலியைத்தான் அளிக்கும். மரியாதையை உடன் வேலை செய்யும் ஆடவர்தாம் அளிக்க வேண்டும். சமத்துவத்தைப் பற்றி மேடையில் முழங்கும் நண்பர்கள், முதலில் தத்தம் ஆபீஸில் அந்தக் கமிட்டி இருக்கிறதா என்று விசாரிக்கட்டும். அடுத்த கூட்டத்தில் ஒரு ஸ்திரீ பேசும்போது குறுக்கிடாமல் கேட்கட்டும். இதற்குச் சட்டமும் வேண்டாம், செலவும் இல்லை.